மலைநிலத்துத் துப்பாக்கி: ஜெசைல் கண்ட போரும் பாட்டும்



'துப்பாக்கி' என்னும் சொல் வள்ளுவத்தில் உண்டு. வான்சிறப்பு அதிகாரத்தின் இரண்டாம் குறளில், அதாவது நூலின் பன்னிரண்டாம் குறளில், அது மழையின் தொழிலைச் சொல்ல வருகிறது. உணவை ஆக்கித் தருதல் என்பது அங்கு அதன் பொருள். வகுப்பில் இக்குறள் நடத்தப்படும்போது மாணவர் முகத்தில் ஒரு புன்னகை எழுவதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். ஓசை ஒன்றே, சொற்கள் இரண்டு. வள்ளுவர் ஆண்டது தமிழ்ச்சொல். இன்று கருவிக்கு வழங்கும் சொல்லோ நெடுந்தொலைவு நடந்து வந்தது. துருக்கிய மொழியில் 'துஃபெக்', பாரசீகத்தில் 'துஃபங்', ஆப்கானியரின் பஷ்தூ மொழியில் 'டோபக்', தெலுங்கில் 'துபாகி', தமிழில் 'துப்பாக்கி' என ஒரே குடும்பத்துச் சொல் நாடுதோறும் நாவுக்கேற்ப உருமாறி நிற்கிறது. ஊதுகுழலைக் குறித்த பழந்துருக்கிச் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவர் சொல்லாய்வாளர்.

சொல் நடந்தது போலவே கருவியும் நடந்தது. சென்ற இடமெல்லாம் அந்தந்த நிலத்தின் வடிவை ஏற்றது. அவ்வாறு ஆப்கானிய மலைநிலம் தனக்கென வனைந்துகொண்ட நெடுந்துப்பாக்கியின் பெயர் ஜெசைல். அக்கருவியைப் பற்றி ஓர் இலக்கிய வட்டத்தில் பேசுவதற்குக் காரணம் உண்டு. போர்க்களத்தில் அதன் ஆற்றல் மங்கிய பின்னர்தான் இலக்கியத்தில் அதன் பெயர் ஒளிபெற்றது. ஒரு கருவியை இலக்கியம் எவ்வாறு நினைவில் வைக்கிறது, அந்நினைவில் எவரை விட்டுவிடுகிறது என்னும் வினாவுக்கு ஜெசைல் போல் விடை தருவது வேறொன்று எளிதில் கிடைப்பதன்று.

நகைத்தவர் கைக்கு வந்த கருவி

கி.பி. 1519ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டில்லியைப் பிடிப்பதற்கு ஏழாண்டுகள் முன்னர், பாபர் பஜௌர் என்னும் மலைக்கோட்டையை முற்றுகையிட்டார். இன்று அவ்விடம் பாகிஸ்தானின் வடமேற்கு எல்லையில் உள்ளது. அம்முற்றுகையைத் தம் நினைவுக் குறிப்புகளில் பாபரே விரித்து எழுதியிருக்கிறார். கோட்டையில் இருந்தவர்கள் அதற்கு முன் துப்பாக்கியைக் கண்டதில்லை. வெடியோசை கேட்டு அவர்கள் அஞ்சவில்லை. ஏளனம் செய்து, தகாத சைகைகள் காட்டி நகைத்தனர். அன்றே பாபரின் துப்பாக்கி வல்லுநரான உஸ்தாத் அலி குலி ஐந்து பேரைச் சுட்டு வீழ்த்தினார். அதன் பின்னர் மதிற்சுவரின் மேல் தலைகாட்ட அவர்கள் துணியவில்லை.

ஒரு புதிய கருவி ஒரு நிலத்துக்குள் நுழைந்த கணத்தை, நுழைத்தவரே எழுதிவைத்த அரிய பதிவு இது. அந்நிலத்து மக்கள் அக்கருவியை அஞ்சி ஒதுக்கவில்லை என்பதே பின்னைய வரலாறு. அதனைக் கற்றனர், தம் கொல்லுலையில் வைத்துத் தம் மலைக்கேற்ப நீட்டினர், வளைத்தனர். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆப்கானிய மலைகளிலும் அவற்றை அடுத்த எல்லைப்புறத்திலும் ஜெசைல் இல்லாத ஆடவனைக் காண்பது அரிது என்னும் நிலை உருவாயிற்று. ஜெசைல் ஏந்தியவன் 'ஜெசைல்சி' எனப்பட்டான். அது படைப்பிரிவின் பெயராகவும் வளர்ந்தது. பின்னாளில் 'கைபர் ரைபிள்ஸ்' எனப் புகழ்பெற்ற ஆங்கிலேயரின் எல்லைப்படையே தொடக்கத்தில் 'கைபர் ஜெசைல்சி' என்றுதான் அழைக்கப்பட்டது.

குழலும் பொறியும் கட்டையும்

ஜெசைலின் உறுப்புகள் மூன்று: குழல், பொறி, கட்டை. மூன்றும் மூன்று வரலாறுகள்.

குழல் உள்ளூர்க் கொல்லனின் கைவினை. நான்கு அடிக்கு மேல் நீண்டு கனத்திருக்கும். அக்காலக் கரிய வெடிமருந்து மெல்ல எரிவது. குழல் நீளமாக இருந்தால், எரிந்து விரியும் வளி குண்டினை நெடுநேரம் உந்தித் தள்ளும். குண்டு விரைந்து செல்லும். நீளத்தின் பயன் இதுவே. சில ஜெசைல்களின் குழல் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். சிலவற்றில் சுருள்வரிகள் வெட்டப்பட்டிருக்கும். சுருள்வரி குண்டினைச் சுழலச் செய்வதால் அது நெறிபிறழாமல் நெடுந்தொலைவு செல்லும்.

பொறி என்பது மருந்துக்குத் தீயூட்டும் பகுதி. பழைய ஜெசைல்களில் திரிப்பொறி இருந்தது. கனன்றுகொண்டிருக்கும் திரியை ஒரு வளைந்த கொக்கி பற்றியிருக்கும். விசையை இழுத்தால் கொக்கி தாழ்ந்து, கிண்ணத்திலுள்ள மருந்தில் திரியின் தீயை வைக்கும். அடுத்து வந்தது சிக்கிமுக்கிக் கற்பொறி. கல் எஃகில் உராய்ந்து தீப்பொறி சிதறும். இப்பொறியின் நுண்ணிய வில்லும் பல்லும் செய்வது குழல் செய்வதினும் கடினம். ஆகவே ஜெசைல்கள் பலவற்றில் பொருத்தப்பட்டவை கிழக்கிந்தியக் கும்பினியின் துப்பாக்கிகளிலிருந்து கழற்றிய பொறிகளே. கும்பினியின் முத்திரை பொறித்த அப்பொறிகளோடு கூடிய ஜெசைல்களை அருங்காட்சியகங்களில் இன்றும் காணலாம். வணிகத்தாலும் கொள்ளையாலும் வந்த பகைவனின் பொறி மலைக்கொல்லனின் குழலோடு இணைந்து, பகைவனையே நோக்கித் திரும்பிற்று.

மூன்றாவது கட்டை. ஜெசைலைக் கண்ட மாத்திரத்தில் அடையாளம் காட்டுவது இதுவே. ஐரோப்பியத் துப்பாக்கியின் கட்டை தோளில் பொருந்துமாறு நேராக இறங்கும். ஜெசைலின் கட்டையோ மெலிந்து, அரிவாள் போல் ஆழ வளைந்திருக்கும். இவ்வளைவு எதற்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அக்குளில் இடுக்கிச் சுடுவதற்கு என்பர் சிலர். அவ்வாறு சுட்டால் குறிபார்த்தல் அரிது என மறுப்பர் வேறு சிலர்; குதிரை மீதோ ஒட்டகத்தின் மீதோ செல்லும்போது இடுக்கிக்கொள்வதற்கே வளைவு பயன்பட்டது என்பது அவர் கூற்று. வெறும் அழகுக்கே என்பாரும் உளர். வளைந்த கட்டையின் மேல் எலும்பும் முத்துச்சிப்பியும் இழைத்து, குழலைப் பித்தளையாலோ வெள்ளியாலோ செய்த பட்டைகளால் கட்டையோடு பிணைப்பது வழக்கம். குறிபார்த்துச் சுடுவோர் குழலின் முன்பகுதியைக் கவைக்கோலின் மீதோ பாறையின் மீதோ தாங்கவைத்துச் சுடுவர்.

எடையும் கருதத்தக்கது. ஜெசைல் ஏறத்தாழ ஐந்தரை முதல் ஆறரை கிலோ இருக்கும். அன்றைய ஆங்கிலேயக் காலாட்படையினர் ஏந்திய 'பிரௌன் பெஸ்' துப்பாக்கியோ நான்கரை கிலோவை ஒட்டியது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டு சமூகங்களின் வேறுபாடு புலனாகும்.

பிரௌன் பெஸ் குழலின் உள்விட்டம் 0.75 அங்குலம். அதில் இட்ட குண்டின் விட்டமோ ஏறத்தாழ 0.69 அங்குலம். இந்த இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது. தளர்ந்த குண்டு குழலுள் எளிதில் இறங்கும். பயிற்சி பெற்ற வீரன் நிமிடத்திற்கு மூன்று முறை சுடலாம். ஆனால் தளர்ந்த குண்டு குழலின் சுவரில் இங்குமங்கும் மோதி வெளிவருவதால் 100 கெஜத்துக்கு அப்பால் அது எங்கே செல்லும் என்று சொல்ல இயலாது. அக்குறையைப் படையின் அணிவகுப்பு ஈடுசெய்தது. தோளோடு தோள் நின்ற நூறு பேர் ஒரே ஆணையில் சுட்டால் எதிரிலும் அவ்வாறே நெருங்கி நிற்கும் பகைவருள் சிலரேனும் வீழ்வர். ஜெசைல் இதற்கு நேர்மாறானது. குழலுக்கு இறுக்கமாகப் பொருந்தும் குண்டை இரும்புக் கோலால் இடித்து இறக்க நேரமாகும். ஆனால் 200, 300 கெஜத் தொலைவில் உள்ள ஒருவனை அது வீழ்த்தவல்லது. ஒன்று அணிக்காகச் செய்யப்பட்டது. மற்றொன்று தனியாளுக்காகச் செய்யப்பட்டது. ஒன்று சமவெளியின் கருவி. மற்றொன்று மலைமுகட்டின் கருவி.

பனி படர்ந்த கணவாய்

1839ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கும்பினியின் படை ஆப்கானிஸ்தானுள் புகுந்தது. அமீர் தோஸ்த் முகமதுவை அகற்றிவிட்டு ஷா ஷுஜாவை அரியணையில் அமர்த்துவது அதன் நோக்கம். ஆகஸ்டு மாதம் காபூல் பிடிபட்டது. 1841 நவம்பர் 2ஆம் நாள் நகரில் கிளர்ச்சி வெடித்தது. அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸ் அன்று கொல்லப்பட்டார்.

அதே மாதம் 23ஆம் நாள் பெய்மாரு குன்றின் மேல் நடந்த போர் இரு கருவிகளின் வேறுபாட்டையும் வெளிப்படுத்தியது. பிரிகேடியர் ஷெல்டன் தம் காலாட்படையைச் சதுரங்களாக நிறுத்தினார். சதுர அணி குதிரைப்படையைத் தடுப்பதற்கு உகந்தது. தொலைவில் மறைந்து சுடுவோர்க்கு அதுவே தவறாத இலக்கு. அவர் உடன் கொண்டுசென்ற பீரங்கியும் ஒன்றே ஒன்று. அது சூடேறிச் செயலற்றது. படையினரின் குண்டுகள் எட்டாத தொலைவிலிருந்து ஜெசைல் குண்டுகள் வந்து விழுந்தன. காபூல் பாசறையில் இருந்த சீமாட்டி ஃபுளோரென்ஷியா சேல் 1843இல் வெளியிட்ட நாட்குறிப்பு இந்த ஏற்றத்தாழ்வைத் தெளிவாகப் பதிவு செய்கிறது. ஜெசைல் தம்மவர் துப்பாக்கியினும் நெடுந்தொலைவு செல்வது என்பதை ஒரு பெண்மணி கண்ணால் கண்டு எழுதினார். படைத்தலைமையோ அதற்கேற்ப அணியை மாற்றவில்லை.

1842 ஜனவரி 6ஆம் நாள் காபூலை விட்டு வெளியேறும் பயணம் தொடங்கியது. படையினர் ஏறத்தாழ 4,500 பேர். அவர்களுள் ஐரோப்பியர் 700 பேர் அளவினரே. எஞ்சியோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களைத் தொடர்ந்து நடந்தோர் ஏறத்தாழ 12,000 பேர். சமைப்போர், நீர் சுமப்போர், குதிரை பேணுவோர், ஒட்டகம் ஓட்டுவோர், துணி வெளுப்போர், அவர்தம் மனைவியர், மக்கள் எனப் பரிவாரமாக வந்தவர்கள் இவர்கள். பெரும்பாலோர் வடஇந்தியச் சமவெளியினர். அத்தகைய பனியை முன்பு அறியாதவர். முதலிரவே கூடாரமின்றிப் பனியில் கழிந்தது. காலையில் பலர் எழவில்லை.

8ஆம் நாள் குர்து காபூல் கணவாயில் இப்பெருந்திரள் நுழைந்தது. இருபுறமும் செங்குத்தான மலை. நடுவே உறைந்தும் உறையாமலும் ஓடும் ஆறு. மேலே பாறைகளின் பின்னே ஜெசைல்கள். அக்கணவாயில் மட்டும் ஏறத்தாழ 3,000 பேர் மடிந்தனர். சீமாட்டி சேலின் கையிலும் ஒரு குண்டு பாய்ந்தது. 13ஆம் நாள் கண்டமக் குன்றின் மேல் எஞ்சியிருந்தோர் சுமார் 65 பேர். பெரும்பாலும் 44ஆம் காலாட்படையைச் சேர்ந்தவர்கள். அங்கும் முடிவு அதுவே. அன்று பிற்பகல் மருத்துவர் வில்லியம் பிரைடன் புண்பட்ட உடலோடு, களைத்துச் சாயும் குதிரையின் மேல் ஜலாலாபாத் கோட்டையை அடைந்தார்.

இவ்வளவையும் செய்தது ஜெசைல் ஒன்றே என்று கூறுவது பிழையாகும். குளிரும் பசியும் கொன்றன. தலைமையின் தயக்கம் கொன்றது. மீறப்பட்ட வாக்குறுதிகள் கொன்றன. இதற்குச் சான்று அடுத்த சில திங்களிலேயே கிடைத்தது. 1842 ஏப்ரல் மாதம் ஜெனரல் போலக் கைபர் கணவாய் வழியாகப் படை நடத்தினார். அவர் கணவாயின் அடியில் மட்டும் செல்லவில்லை. இருபுறத்து மலைமுகடுகளிலும் முதலில் தம் வீரரை ஏற்றி, அவற்றைக் கைப்பற்றிய பின்னரே நடுவழியில் முன்னேறினார். எதிரில் நின்றது அதே ஜெசைல்தான்; ஆனால் உயரம் கைமாறிவிட்டது. காபூலை மீண்டும் பிடித்த அப்படை, அந்நகரின் புகழ்பெற்ற சார் சட்டா அங்காடியை இடித்துத் தகர்த்துப் பழிதீர்த்துத் திரும்பியது. கருவிக்கு வலிமை தந்தது இடம். இடனறிதலுக்குத் தனியதிகாரம் வகுத்த நூலைக் கற்றவர்களுக்கு இவ்வுண்மை புதிதன்று.

கணக்கும் கதையும்

அடுத்த நாற்பதாண்டுகளில் படைக்கலம் பெரிதும் மாறியது. ஆங்கிலேயப் படை 1853இல் சுருள்வரிக் குழல் கொண்ட என்ஃபீல்டையும், 1866 முதல் பின்புறமாகத் தோட்டா இடும் ஸ்னைடரையும், 1871 முதல் மார்ட்டினி ஹென்றியையும் ஏற்றது. ஜெசைலுக்கு இருந்த தொலைவு என்னும் ஏற்றம் மறைந்தது.

1880 ஜூலை 27ஆம் நாள் மைவாந்த் களத்தில் ஆங்கிலேயர் மீண்டும் தோற்றனர். ஜெனரல் பர்ரோஸ் தலைமையில் இருந்த ஏறத்தாழ 2,500 பேரில் ஆயிரம் பேர் அளவில் மாண்டனர். அயூப் கான் பக்கம் பெருந்திரளான வீரரும், ஏறத்தாழ 30 பீரங்கிகளும் இருந்தன. அவற்றுள் சில சுருள்வரிக் குழல் கொண்ட ஆர்ம்ஸ்ட்ராங் பீரங்கிகள். அன்றைய வெற்றியில் பீரங்கியின் பங்கு பெரிது.

ஆயின் இலக்கியம் தேர்ந்தெடுத்தது பீரங்கியை அன்று. 1887இல் வெளிவந்த ஆர்தர் கோனன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் மருத்துவர் வாட்சன் மைவாந்தில் காயம்பட்டவராக அறிமுகமாகிறார். அவர் தோளெலும்பைச் சிதைத்தது ஜெசைல் குண்டு. 1890இல் வந்த அடுத்த நாவலில் அதே குண்டு காலுக்கு இறங்கிவிட்டது! வாட்சனுக்குக் காயம் எங்கே என்று ஹோம்ஸ் அன்பர்கள் நூறாண்டுகளுக்கு மேலாக வழக்காடி வருகின்றனர். ஆசிரியர் இடத்தை மறந்தார். ஜெசைல் என்னும் பெயரை மட்டும் மறக்கவில்லை. அப்பெயரின் ஓசையில் தொலைதூரமும் ஆபத்தும் கலந்திருந்தன. அவருக்கு வேண்டியது அதுவே.

அதற்கு ஓராண்டு முன்னர், 1886இல், லாகூரில் இதழாளராக இருந்த ரட்யார்ட் கிப்ளிங் எல்லைப்புறக் கணக்கு என்னும் பொருள்படத் தலைப்பிட்டு ஒரு கவிதை எழுதினார். பெருஞ்செலவில் கல்வியும் பயிற்சியும் பெற்ற இளம் அதிகாரி ஒரு பக்கம். பத்து ரூபாய் ஜெசைல் மறுபக்கம். இரண்டையும் தராசில் இட்டுப் பேரரசின் செலவுக்கணக்கை அக்கவிதை எள்ளுகிறது. தம்மவர் பெருமையையே கேள்விக்குள்ளாக்கும் துணிவு அதில் உண்டு. கவிதையும் நன்று.

ஆனால் அக்கணக்கில் ஒரு விடுபாடு இருக்கிறது. பத்து ரூபாய் எவருக்கு மலிவு? அக்காலத்தில் இந்தியச் சிப்பாயின் மாதச் சம்பளம் 7 ரூபாய். அவனுக்குப் பத்து ரூபாய் என்பது ஒன்றரை மாத உழைப்பு. மலைக்குடியானவனின் நிலையும் அதற்கு மேம்பட்டதாக இருந்திருக்காது. லண்டனின் கண்ணுக்குப் பத்து ரூபாய் அற்பம். அதைக் கொடுத்தவன் கண்ணுக்கு அற்பமன்று. அன்றியும், இறந்த அதிகாரியின் கல்விக்கு விலை கண்ட கவிதை, சுட்டவனும் சுடப்பட்டு வீழ்வான், அவனுக்கும் ஒரு வீடு உண்டு என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் கணக்கை எழுதியவர்கள் வேறு.

பெண்கள் பாடிய இரண்டடி

பஷ்தூ மொழியில் 'லண்டை' என்றொரு பாவகை உண்டு. அடிகள் இரண்டே. முதலடியில் ஒன்பது அசை; இரண்டாமடியில் பதின்மூன்று அசை. 'ம', 'ன' என்னும் ஒலிகளில் ஒன்றோடு பாடல் முடியும். குறளினும் அடிப்பரப்பால் பெரிதாகாத இப்பாவகையை நூற்றாண்டுகளாகப் பாடி வருவோர் பெரும்பாலும் எழுத்தறியாத பெண்கள். நீர்த்துறையிலும் திருமண வீட்டிலும் அது பிறக்கும். பாடியவள் பெயர் பாட்டோடு வருவதில்லை. காதல், பிரிவு, இறப்பு, போர், பிறந்த மண் ஆகியவை அதன் பாடுபொருள்கள். இப்பாடல்களைத் திரட்டிய ஆப்கானியக் கவிஞர் சையத் பஹாவுத்தீன் மஜ்ரூஹ் 1988இல் பெஷாவரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தொகுப்பு பிரெஞ்சு மொழியில் வெளிவந்து உலகின் செவியை எட்டியது.

லண்டையின் போர்க்குரல் ஒற்றைக் குரலன்று. காதலன் களத்திலிருந்து புறங்காட்டி வந்தால் அவனை இகழ்பவளும் அவளே. அவன் களத்தில் வீழ்ந்தால் தன் கூந்தலும் ஆடையும் இனி எவர்க்கு என்று அழுபவளும் அவளே. அவனைப் போருக்கு ஏவிய நாவும் அவனுக்காகப் புலம்பிய நாவும் ஒன்று. மூதின்முல்லையும் தாபதநிலையும் கற்றவர்களுக்கு இக்குரல் அயலானதன்று. ஆயினும் இதைப் போர்ப்பெருமை என்று மட்டும் பாராட்டுவதோ, போரெதிர்ப்பு என்று மட்டும் போற்றுவதோ அப்பெண்களைக் குறுக்குவதாகும். துப்பாக்கியை வைத்திருப்பவனோடு வாழ்ந்து தீர வேண்டிய ஒருத்தியின் முழு வாழ்வும் அந்த இருபத்திரண்டு அசைக்குள் இருக்கிறது.

மைவாந்த் களத்துக்கும் ஒரு லண்டை உண்டு. மலாலை என்னும் இளம்பெண் தளர்ந்த வீரரிடையே தன் முகத்திரையைக் கொடியாக உயர்த்தி, இரண்டடிப் பாட்டொன்றைப் பாடி அவர்களை மீண்டும் களத்துக்கு அழைத்தாள் என்பது மக்கள் வழக்கு. களத்தில் அவளும் வீழ்ந்தாள் என்பர். இது வரலாற்றுச் சான்றினும் மக்கள் நினைவில் வேரூன்றிய கதை. அந்த நினைவின் வலிமைக்கு எல்லையில்லை. 1997இல் சுவாத் பள்ளத்தாக்கில் பிறந்த ஒரு குழந்தைக்கு அவள் தந்தை அப்பெயரையே இட்டார். 2012 அக்டோபர் 9ஆம் நாள் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் அச்சிறுமி தலையில் சுடப்பட்டாள். உயிர்பிழைத்து, 2014இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற மலாலா யூசஃப்சை அவளே. போருக்கு அழைத்தவளின் பெயரைத் தாங்கியவள் பள்ளிக்கு அழைத்தாள். அழைத்ததற்காகத் துப்பாக்கி அவளை நோக்கித் திரும்பியது.

லண்டையும் நின்றுவிடவில்லை. அமெரிக்கக் கவிஞர் எலிசா கிரிஸ்வோல்டு 2014இல் வெளியிட்ட மொழிபெயர்ப்புத் தொகுப்பில் ஆளில்லா விமானத்தைப் பாடும் லண்டைகளும் உண்டு. கருவி மாறுகிறது; பாட்டு அதனோடு சேர்ந்து நடக்கிறது.

பெயரிலார் மூவர்

ஜெசைலின் பின்னாள் வாழ்வு அங்காடியில் கழிந்தது. பெஷாவருக்குத் தெற்கேயுள்ள தர்ரா ஆதம் கேல் என்னும் ஊரில் கொல்லுலைகள் அயல்நாட்டுத் துப்பாக்கிகளைப் பார்த்து அவ்வாறே செய்யக் கற்றன. மார்ட்டினி ஹென்றியும் பின்னர்க் கலாஷ்னிகோவும் அங்கு உருவாயின. ஜெசைல் சுவரில் தொங்கும் பொருளாயிற்று. 2001க்குப் பின் ஆப்கானிஸ்தானில் தங்கிய அயல்நாட்டுப் படைவீரர்கள் அதனை நினைவுப்பொருளாக விலைகொடுத்து வாங்கினர். பழையனவும், பழையன போலப் புதிதாகச் செய்யப்பட்டனவும் அவற்றில் கலந்திருந்தன. 2021 ஆகஸ்டில் கடைசிப் படைகளும் வெளியேறின.

1842இன் அழிவு ஓவியங்களிலும் நிலைபெற்றது. 1879இல் எலிசபெத் பட்லர் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் பிரைடன் தனியே வருகிறார், தலை தொங்கிய குதிரை, பின்னே வெறுமை. 1898இல் வில்லியம் பார்ன்ஸ் வோலன் தீட்டிய ஓவியத்தில் கண்டமக் குன்றின் மேல் 44ஆம் படையினர் வட்டமாக நின்று இறுதிவரை போரிடுகின்றனர். இரண்டும் தேர்ந்த ஓவியங்கள். ஆனால் இவை நினைவில் நிறுத்துவோர் மிகச் சிலர். கணவாயில் நடந்தவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் கையில் எந்தக் கருவியும் இல்லாத பணிமக்கள். அவர்களில் பனியில் விறைத்துக் கை கால் இழந்தோர் உண்டு. அடிமைகளாக விற்கப்பட்டோர் உண்டு. காபூல் தெருக்களில் இரந்து கிடந்து, போலக்கின் படை வந்தபோது மீட்கப்பட்டோரும் உண்டு. 'பிழைத்தவர் ஒருவரே' என்னும் கதை அவர்களை எண்ணாததால் மட்டுமே நிற்கும் கதை.

அவர்கள் தரப்பிலிருந்து கேட்கும் குரல் மிக மெலிது. சீதாராம் என்னும் வங்கப்படைச் சிப்பாயின் வாழ்க்கை நினைவுகளாக 1873இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூல், அவர் அந்தப் பின்வாங்கலில் பிடிபட்டுக் காபூலில் அடிமையாக இருந்ததைச் சொல்கிறது. அந்நூல் முழுவதும் அவர் சொன்னதுதானா என்பதில் ஆய்வாளரிடையே ஐயம் உண்டு. ஒரு பெருந்துயரின் பெரும்பகுதிக்குக் கிடைத்த குரலும் ஐயத்துக்கு இடமானதாகவே நிற்கிறது.

ஆகவே ஜெசைலின் வரலாற்றில் பெயரில்லாதவர் மூவர். நான்கடிக் குழலைச் செவ்வையாக அடித்து நீட்டிய கொல்லன் ஒருவன். அதை ஏந்தியவனைப் பற்றி இரண்டடி பாடிய பெண் ஒருத்தி. அதன் குண்டுக்குக் கீழே தோல்பையில் நீர் சுமந்து நடந்த பணியாள் ஒருவன். படைத்தலைவர்களின் பெயர்களை வரலாறு காத்தது. ஒரு கற்பனை மருத்துவரின் காயத்தைக் கூட நாவல் காத்தது. கொல்லனை அவன் கைவினை காத்தது. கட்டையின் வளைவில் இன்றும் அவன் கை தெரிகிறது. பெண்ணை அவள் பாட்டு காத்தது. மூன்றாமவனுக்கு மட்டும் கைவினையும் இல்லை, பாட்டும் இல்லை.

பத்தாண்டுகளாகக் கவிதையைக் கேட்டும் ஆய்ந்தும் எழுதியும் வந்துள்ள வட்டம் இது. வாளையும் வேலையும் பாடிய நெடிய மரபு தமிழுக்கு உண்டு. துப்பாக்கியைப் புரட்சியின் படிமமாகவும் கொடுமையின் படிமமாகவும் ஆளும் கவிதைகள் புதுக்கவிதையிலும் குறைவில்லை. படிமமாக்குவது எளிது. ஒரு கருவி எவர் செய்தது, எவ்வளவு எடை, எவ்வளவு தொலைவு செல்லும், என்ன விலை, அவ்விலை எவருக்குப் பெரிது, அதன் எதிரே நின்றவர் எத்தனை பேர் என்று வினவிய பின்னர் எழுதுவது கடினம். அக்கடினத்தை மேற்கொள்ளும் கவிஞரின் கையில்தான் அந்தப் பன்னிரண்டாயிரவருக்கும் ஓரடி கிடைக்கும். வரும் பத்தாண்டில் அத்தகைய அடிகள் இவ்வட்டத்திலிருந்து பிறக்க வாழ்த்துகள்.